மெஷின் கடைசியில்தான்: பெங்களூரில் கைவினைப் பொருள் விற்பவர்கள் கார்டில் பணம் வாங்க முழு வழிகாட்டி

கார்டில் பணம் வாங்க ஆரம்பிக்கும் முக்கால்வாசிப் பேர் முதலில் கார்டு தேய்க்கும் மெஷினுக்குத்தான் போன் போடுகிறார்கள். விற்பனைப் பிரதிநிதி மறுநாளே வீட்டு வாசலில் நிற்பார், கையெழுத்தும் ஆகிவிடும். அதன் பிறகுதான் பான் கார்டில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் ஒரு பெயர் என்று தெரியவரும். மெஷின் மேசை டிராயரில் கிடக்கும், வாடகை மட்டும் மாதாமாதம் பிடித்துக்கொண்டே இருக்கும். வேலையைப் பின்வரும் வரிசையில் செய்தால் இந்தச் சிக்கல் வராது.

1. ஒரு மாத விற்பனையை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்

கையில் நேரடியாக விற்றது எவ்வளவு, சந்தை ஸ்டாலில் விற்றது எவ்வளவு, வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் ஆர்டர் வந்து கூரியரில் போனது எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே ஒரு பில்லின் சராசரித் தொகையையும் குறியுங்கள்.

எது தேவை என்பதை இந்த மூன்று எண்கள் சொல்லிவிடும். அல்சூரில் வீட்டிலேயே கொலு பொம்மை செய்து, வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் பரபரப்பாக விற்பவருக்கு மாத வாடகை மெஷின் நஷ்டம். 250 ரூபாய் தோடு விற்பவரிடம் அநேகமாக எல்லோரும் யுபிஐயில்தான் கொடுப்பார்கள். 18,000 ரூபாய்க்குத் தஞ்சாவூர் ஓவியம் விற்பவரிடம் மட்டும்தான் ‘கார்டு எடுப்பீங்களா?’ என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும். கார்டு கேட்டு, இல்லை என்றதும் திரும்பிப் போனவர்களையும் ஒரு மாதம் எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை மூன்று நான்கைத் தாண்டவில்லையென்றால் அவசரமே இல்லை.

2. எல்லாக் காகிதமும் ஒரே பெயரில் இருக்கட்டும்

தனிநபர் தொழிலுக்குப் பொதுவாகக் கேட்பவை: பான், ஆதார், வங்கிக் கணக்கு, கேன்சல் செய்த காசோலை, தொழில் நடப்பதற்கான ஒரு அத்தாட்சி. இந்தக் கடைசி ஒன்றில்தான் வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். கடை லைசென்ஸ் இல்லையென்று கவலைப்பட வேண்டாம், சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு போதும். அரசுத் தளத்தில் ஆதாரும் பானும் வைத்து இலவசமாகவே செய்யலாம். இதற்குக் காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை.

கணக்கைச் சரிபார்க்க, கார்டு வசூல் சேவை தரும் நிறுவனம் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கும். அப்போது வங்கி காட்டும் பெயர், விண்ணப்பத்தில் உள்ள பெயரோடு பொருந்த வேண்டும். நம்மவர்களுக்கு இங்கே ஒரு தனித் தொல்லை உண்டு: இனிஷியல். பானில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், ஆதாரில் இனிஷியல் முன்னால் நிற்கும், வங்கியில் பின்னால் நிற்கும். விண்ணப்பம் நின்றுபோன பிறகு திருத்துவதைவிட, வங்கியில் பெயரைப் பானில் உள்ளபடி மாற்றிக்கொண்டு பிறகு விண்ணப்பிப்பது சுலபம்.

தொழிலுக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித்துறை யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியபோது பெங்களூரில் பல கடைகள் க்யூஆர் அட்டையைக் கழற்றி வைத்தது நினைவிருக்கும். மாமியார் அனுப்பிய பணம், சீட்டுப் பணம், விற்பனைப் பணம் எல்லாம் ஒரே கணக்கில் கலந்து கிடந்தால், எது விற்பனை என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும்.

ஜிஎஸ்டி பற்றி இரண்டே வரி. கர்நாடகத்தில் பொருள் மட்டும் விற்பவருக்குப் பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம். பயிற்சி வகுப்பும் எடுத்துக் காசு வாங்கினால் அது சேவை, வரம்பு 20 லட்சமாக இறங்கும். வெளிமாநிலத்துக்கு அனுப்பும் கைவினைப் பொருளுக்குத் தனி விலக்கு உண்டு, ஆனால் அதற்குப் பட்டியலும் நிபந்தனையும் இருப்பதால் உங்கள் பொருள் அதில் வருகிறதா என்று கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள்.

3. கட்டண அட்டையை வரி வரியாகப் படியுங்கள்

‘இரண்டு பர்சென்ட்தான் சார்’ என்பது பாதி உண்மை. பில் 2,000 ரூபாயைத் தாண்டினால் அந்த இரண்டு சதவீதக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 2,500 ரூபாய் பொருளுக்கு 50 ரூபாய் கட்டணம், 9 ரூபாய் வரி. கையில் வருவது 2,441. அதாவது உண்மையான செலவு 2.36 சதவீதம்.

எந்த வழியில் வந்த பணம் என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும்:

- சாதாரண வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ, ரூபே டெபிட் கார்டு: 2020 ஜனவரியிலிருந்து இவற்றுக்கு எம்டிஆர் எனப்படும் கழிவு கிடையாது.
- விசா, மாஸ்டர்கார்டு டெபிட்: ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருந்தால் மெஷினில் அதிகபட்சம் 0.40 சதவீதம், அதுவும் ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. இது ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு.
- கிரெடிட் கார்டு: உச்சவரம்பு இல்லை. பேரம் பேச வேண்டிய இடம் இதுதான்.
- யுபிஐ செயலியில் இணைத்த ரூபே கிரெடிட் கார்டு: சிறு வணிகருக்கு 2,000 ரூபாய் வரை கட்டணமில்லை, அதற்கு மேல் உண்டு. சொந்த உபயோகத்துக்கான க்யூஆரில் இது ஓடவே ஓடாது, வணிகர் க்யூஆர் வேண்டும். ‘ஸ்கேன் ஆகுது, கார்டு மட்டும் எடுக்கல’ என்று வாடிக்கையாளர் சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுதான்.
- நிறுவனக் கார்டு, அமெக்ஸ், வெளிநாட்டுக் கார்டு: எல்லாவற்றிலும் அதிகம்.

கடைசி வரியைப் பெங்களூர்க்காரர்கள் அலட்சியப்படுத்தக் கூடாது. தீபாவளிப் பரிசுக்கு 200 விளக்கு செட் கேட்கும் ஐடி கம்பெனி நிறுவனக் கார்டைத்தான் நீட்டும். நீங்கள் சாதாரண விகிதத்தை மனதில் வைத்து விலை சொல்லியிருப்பீர்கள். மொத்த ஆர்டருக்கு வங்கிப் பரிமாற்றமே கேளுங்கள்.

இனி வாடகை. மாதம் 400 ரூபாய் என்றால் வரியோடு 472. அந்த மாதம் கிரெடிட் கார்டில், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட பில்களாக, 20,000 ரூபாய் விற்றால் இரண்டு சதவீத விகிதத்தில் வரியோடு கழிவும் 472 ரூபாய்தான். இரண்டும் சேர்ந்து 944, அதாவது 4.72 சதவீதம். அதே மெஷினில் ஒரு லட்சம் விற்றால் மொத்தச் செலவு 2.83 சதவீதமாக இறங்கும். விகிதத்தில் கால் சதவீதம் குறைக்கப் போராடுவதைவிட, விற்பனை குறைவாக இருக்கும்போது வாடகையே இல்லாத வழியைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்க வேண்டிய பதில்கள்: நிறுவல் கட்டணம் எவ்வளவு, குறைந்தபட்ச மாத விற்பனை நிபந்தனை உண்டா, இடையில் நிறுத்தினால் அபராதம் எவ்வளவு, பேப்பர் ரோல் யார் தருவார்கள், தவணை வசதி தானாகவே இயங்குமா. ‘நோ காஸ்ட்’ தவணையில் வட்டியை வாடிக்கையாளர் கட்டுவதில்லை, பல நேரம் அது உங்கள் வரவில் கழியும். தேவையில்லையென்றால் அதை முதல் நாளே மூடச் சொல்லுங்கள்.

இந்தக் கழிவை வாடிக்கையாளர் தலையில் ‘கார்டுக்கு 2 பர்சென்ட் எக்ஸ்ட்ரா’ என்று கட்டாதீர்கள். வணிகர் ஒப்பந்தங்கள் இதைத் தடுக்கின்றன. ஒரு புகார் போதும், கணக்கு முடங்க. விலை வைக்கும்போதே சேர்த்துக்கொள்வதுதான் ஒழுங்கான வழி.

4. மெஷினா, போனா, லிங்க்கா?

கூரியர் விற்பனைதான் பெரும்பகுதி என்றால் பேமென்ட் லிங்க், அதாவது வாடிக்கையாளர் போனில் திறந்து பணம் கட்டும் இணைப்பு, மட்டும் போதும். வாடகை கிடையாது, விற்றால்தான் கழிவு.

மாதம் ஒன்றிரண்டு சந்தை என்றால், போனையே மெஷினாக்கும் செயலி கிடைக்கிறதா என்று கேளுங்கள். என்எஃப்சி (கார்டைத் தட்டினாலே படிக்கும் வசதி) உள்ள ஆண்ட்ராய்டு போனில் வாடிக்கையாளர் கார்டைத் தட்டினால் போதும். 5,000 ரூபாய் வரை பின் கேட்காது. தட்டும் வசதி இல்லாத பழைய கார்டு வந்தால் செயலி கைவிரித்துவிடும், அதற்கு லிங்க் அனுப்புங்கள்.

தினமும் திறக்கும் கடை, பெரிய பில், கார்டு கேட்கும் கூட்டம் என்று மூன்றும் சேர்ந்தால்தான் மெஷின்.

5. விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டிய நான்கு கட்டங்கள்

தொழில் வகை. ஒவ்வொரு வணிகருக்கும் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று தரப்படும். கைவினை, ஓவியப் பொருள் கடைக்கு 5970. பரிசுப் பொருள், நினைவுப் பொருள் கடைக்கு 5947. நகைக் கடைக்கு 5944. டெரகோட்டா நகை செய்பவர் விண்ணப்பத்தில் வெறுமனே ‘நகை’ என்று எழுதினால் தங்க நகைக் கடைகளோடு ஒரே பெட்டியில் போய் விழுவார், கேள்விகளும் அந்த அளவுக்கு வரும். ‘மண்ணில் கையால் செய்த செயற்கை நகை’ என்று விவரமாக எழுதுங்கள்.

வாடிக்கையாளர் ஸ்டேட்மென்ட்டில் தெரியும் பெயர். இதை நிரப்பும்போது யாரும் யோசிப்பதில்லை. வாங்கியவருக்குத் தெரிந்தது உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தின் பெயர். ஸ்டேட்மென்ட்டில் உங்கள் கணவர் பெயர் வந்தால் ‘இது யாரென்றே தெரியாது’ என்று வங்கிக்குப் புகார் போகும். கடைப் பெயரையே கேட்டு வாங்குங்கள்.

எதிர்பார்க்கும் மாத விற்பனை. கூச்சப்பட்டுக் குறைத்து எழுதாதீர்கள். மாதம் 30,000 என்று எழுதியவர் கணக்கில் திடீரென இரண்டு லட்சம் வந்தால் சந்தேகத்தில் பணத்தை நிறுத்தி வைப்பார்கள். கொலு, தீபாவளி மாதங்களின் உச்சத்தைக் குறிப்பிடுங்கள். பெரிய ஆர்டர் உறுதியானதும் ஆர்டர் கடிதத்தை இணைத்து முன்கூட்டியே மெயில் அனுப்பிவிடுங்கள்.

கடைப் படம். பெயர்ப் பலகையோடு படம் கேட்பார்கள். வீட்டில் வேலை செய்பவர்கள் உத்யம் சான்றிதழில் உள்ள பெயரை ஒரு தாளில் அச்சடித்துக் கதவில் ஒட்டி, வேலை நடக்கும் இடத்தையும் சேர்த்து எடுத்தால் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். பலகை கன்னடத்தில் இருந்தாலும் சிக்கலில்லை, சான்றிதழில் உள்ள அதே பெயராக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

வலைத்தளத்தில் வசூல் செய்வதானால் விலை, முகவரி, தொடர்பு எண், பொருள் அனுப்பும் விதி, பணம் திருப்பும் விதி, தகவல் பாதுகாப்பு விதி ஆகிய எல்லாப் பக்கங்களும் தயாரான பிறகே விண்ணப்பியுங்கள். ‘விரைவில் வரும்’ என்று வெற்றுப் பக்கம் இருந்தால் நிராகரிப்பு நிச்சயம்.

6. முதல் வாடிக்கையாளருக்கு முன் மூன்று சோதனைகள்

வேறொருவர் கார்டில் 10 ரூபாய் வாங்கிப் பாருங்கள். பணம் உங்கள் வங்கிக்கு வந்து சேரும்வரை காத்திருங்கள். மெஷினில் பொதுவாக மறு வேலைநாள் வரும், இணைய வழியில் இரண்டு வேலைநாள் ஆகும். வந்த தொகையில் கழிவு ஒப்பந்தப்படி இருக்கிறதா என்று பாருங்கள். 10 ரூபாயில் பைசாக் கணக்கு தெளிவாகத் தெரியாவிட்டால் 500 ரூபாயில் செய்யுங்கள்.

அடுத்து, ஒரு தொகையை வாங்கிய கையோடு ‘வாய்டு’ செய்யுங்கள். அன்றைய கணக்கு மூடுவதற்கு முன் ரத்து செய்வது வாய்டு. பணம் நகரவே இல்லை, ஆகவே கழிவும் இல்லை. மூடிய பிறகு திருப்புவது ‘ரீஃபண்ட்’. அதில் முதலில் பிடித்த கழிவு பெரும்பாலும் திரும்பாது. 6,000 ரூபாய் பொம்மை செட்டை மாலையில் திருப்பிக் கொண்டுவந்தவருக்கு வாய்டு செய்ய வேண்டிய இடத்தில் மறுநாள் ரீஃபண்ட் செய்தால் இரண்டு சதவீத விகிதத்தில் 141.60 ரூபாய் உங்கள் கையை விட்டுப் போகிறது.

மூன்றாவது, வேண்டுமென்றே தவறான பின் போட்டுப் பாருங்கள். தோல்வி ஸ்லிப் எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் கூட்டத்தில் அதை வெற்றி ஸ்லிப் என்று நினைத்துப் பொருளைக் கொடுக்க மாட்டீர்கள்.

7. சந்தை நாள்

ஜனவரி மாத ஞாயிறு ஒன்றில் சித்திரகலா பரிஷத் பக்கம் குமாரகிருபா சாலையில் நடக்கும் சித்திரச் சந்தையில் நின்றவர்களுக்குத் தெரியும்: பதினோரு மணிக்கு மேல் நெட்வொர்க் திணறும். மெஷினில் ஒரு நிறுவன சிம், போனில் வேறு நிறுவன சிம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க், இரண்டு பேப்பர் ரோல், அச்சடித்த வணிகர் க்யூஆர் அட்டை ஆகியவை பையில் இருக்க வேண்டும்.

‘பணம் போயிடுச்சு, ஆனா ஸ்லிப் வரல’ என்ற நிலைதான் அங்கே அதிகம் வரும். அப்போது உடனே இன்னொரு முறை தேய்க்காதீர்கள். செயலியில் கடைசிப் பரிவர்த்தனையைப் பாருங்கள். ‘வெற்றி’ என்றிருந்தால் ஸ்லிப்பை மறுபடி அச்சடிக்கலாம். உங்கள் பக்கம் பதிவே இல்லையென்றால் வாடிக்கையாளருக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள்: ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு. அவர் வேறு வழியில் கட்டட்டும், அல்லது பொருளை எடுத்து வைப்பதாகச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் போனில் காட்டும் மெசேஜை நம்பிப் பொருளைத் தராதீர்கள்.

இன்னொன்று, பழகிய மனிதர்கள் செய்யும் தவறு. பக்கத்து ஸ்டால் அக்கா, ‘என்கிட்ட மெஷின் இல்ல, உங்களதுல தேய்ச்சுட்டுக் காசா குடுங்க’ என்பார். மறுப்பது கஷ்டம்தான். ஆனால் அந்த விற்பனை உங்கள் வருமானக் கணக்கில் ஏறும், அந்தப் பொருள் உடைந்திருந்தால் புகார் உங்கள் மேல் வரும், ஒப்பந்தப்படியும் அது தடை. கார்டைத் தேய்த்துவிட்டு ரொக்கம் தருவதும் அப்படியே.

8. கூரியர் ஆர்டர்: அனுப்பும் முன்பே ஆதாரம் சேருங்கள்

லிங்க் அனுப்பும்போது வெறும் தொகையை மட்டும் போடாதீர்கள். ‘ஆர்டர் 114, நீல டெரகோட்டா செட், 2 எண்ணம்’ என்று குறிப்பும் எழுதுங்கள். லிங்குக்கு 24 மணி நேரக் காலாவதி வையுங்கள். இல்லாவிட்டால் பொருள் விற்றுத் தீர்ந்து ஒரு வாரம் கழித்துப் பணம் வந்து நிற்கும்.

சொல்லிச் செய்யும் வேலைக்கு நிறம், அளவு, பெயர் எழுத்து ஆகியவற்றைப் படமெடுத்து அனுப்பி, ‘சரி’ என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்ன சரி நாளை உதவாது. மண்பாண்டம், கண்ணாடிச் சட்டம் போட்ட ஓவியம் என்றால் கட்டும்போது ஒரு நிமிட வீடியோ எடுங்கள். உடைந்து வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் படம் அனுப்ப வேண்டும் என்பதையும் லிங்க்கோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

கார்டின் படத்தை யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அழித்துவிட்டு லிங்க் அனுப்புங்கள். 2022 அக்டோபரிலிருந்து வணிகர்கள் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கவே கூடாது. நோட்டில் எழுதி வைப்பது பற்றிக் கேட்கவே வேண்டாம்.

9. தினமும் பத்து நிமிடக் கணக்கு

ஒரு நாள் கிரெடிட் கார்டில் ஒரே பில்லாக 8,000, யுபிஐயில் 4,000 விற்றீர்கள் என்று வையுங்கள். கழிவு 1.8 சதவீதம் என்றால் 144, வரி 25.92. வங்கியில் வருவது 11,830.08. நோட்டில் இதைத்தான் விற்பனை என்று எழுதுவார்கள். அது தவறு. விற்பனை 12,000, வங்கிச் செலவு 169.92 என்று இரண்டாக எழுத வேண்டும். வரித்துறைக்குப் போகும் தகவல் 12,000 என்றுதான் இருக்கும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு அந்த 25.92 வரவாகத் திரும்பவும் வாய்ப்பு உண்டு, தனியாக எழுதியிருந்தால்.

அனுமான முறையில் வருமான வரி கட்டும் சிறு தொழிலுக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தை வருமானமாகக் காட்ட வேண்டும், வங்கி வழி வந்ததில் 6 சதவீதம் போதும். கார்டு கழிவைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

மெஷின் ஸ்லிப் வெப்பத் தாளில் அச்சாவது. சில மாதத்தில் வெளுத்துவிடும். அன்றே படமெடுத்து மாதவாரியாகப் போட்டு வையுங்கள். அதிலுள்ள ஆர்ஆர்என் எனும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்தான் எந்தத் தகராறிலும் முதலில் கேட்பது.

10. சார்ஜ்பேக் வந்தால்

வாடிக்கையாளர் தன் வங்கியிடம் புகார் செய்து பணத்தைத் திரும்பப் பிடுங்குவதுதான் சார்ஜ்பேக். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பெரும்பாலான தகராறுகளுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. தீபாவளிக்கு விற்ற விளக்கு பற்றி மாசி மாதத்தில் மெயில் வரலாம். பதில் தர உங்களுக்குக் கிடைப்பதோ சில நாள்தான், எனவே அந்த மெயில் முகவரியைத் தினமும் பாருங்கள்.

முதலில் காரணத்தைப் படியுங்கள். ‘பொருள் வரவில்லை’ என்றால் கூரியரின் ஒப்படைப்புச் சான்று வேண்டும். ‘சொன்னபடி இல்லை’ என்றால் ஒப்புதல் வாங்கிய படமும் ‘சரி’ என்ற பதிலும். ‘நான் செய்யவே இல்லை’ என்றால் ஓடிபி அல்லது பின் போட்ட பதிவு. காரணத்துக்குப் பொருந்தாத ஆதாரத்தை எத்தனை பக்கம் அனுப்பினாலும் பயனில்லை. கோபமாக எழுதிய நீண்ட கடிதமும் அப்படித்தான். ஒரு பக்கத்தில் தேதி வரிசை, கூடவே ஆதாரம், அவ்வளவே.

புகார் நியாயமானது என்று தெரிந்தால் போராடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் சார்ஜ்பேக் திறந்த பிறகு பயத்தில் தனியாக ரீஃபண்டும் செய்துவிடாதீர்கள். ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் போய்விடும்.

11. வெளிநாட்டுக் கார்டு

தானாக இயங்காது, தனியாகக் கேட்டுத் திறக்க வேண்டும். இணைய வழியில் வெளிநாட்டுக் கார்டு ஓடிபி இல்லாமலே கடந்துபோகலாம். அப்படி வந்தது திருட்டுக் கார்டு என்றால் நஷ்டம் உங்களுடையது. பெரிய தொகை, அவசர அனுப்பல், கார்டு ஒரு நாட்டில் முகவரி வேறு நாட்டில் என்று மூன்றும் சேர்ந்தால் அனுப்பாதீர்கள். பொருளை வெளிநாட்டுக்கே அனுப்புவதானால் ஐஇசி எனும் ஏற்றுமதி எண் வேண்டும், கட்டணம் 500 ரூபாய்.

12. மெஷினைச் சுற்றி நடக்கும் மோசடி

‘கேஒய்சி காலாவதி, இன்றிரவு மெஷின் நின்றுவிடும்’ என்று வரும் போனில் எந்தச் செயலியையும் இறக்காதீர்கள், ஓடிபி சொல்லாதீர்கள். போனை வைத்துவிட்டு ஒப்பந்தத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். ‘சர்வீஸ்’ என்று சொல்லி மெஷினை மாற்ற வருபவரிடம் கொடுப்பதற்கு முன், அதன் பின்னால் ஒட்டியுள்ள வரிசை எண்ணையும் டிஐடி எனும் எட்டு இலக்க மெஷின் அடையாள எண்ணையும் உங்களிடம் உள்ள குறிப்போடு ஒப்பிடுங்கள். மாற்றிய மெஷினில் முதல் 10 ரூபாய் உங்கள் கணக்குக்கு வந்து சேரும்வரை பெரிய பில் எதையும் அதில் போடாதீர்கள்.